கோட்டை கட்டும் பிள்ளையின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக நம்ம பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பேசுபவர் யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார். விசயம் இதுதான்: விடுமுறையில் பிள்ளைகள் லெகோ மாதிரியான பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துக் கோட்டை கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்களாம். படிப்பு கெடுகிறதாம். காசு வீணாகிறதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோட்டைகள் சிலுவைப் போர்க்காரர்களின் கோட்டைகளாம். நம் பிள்ளைகளுக்கு அது எதற்காம். ஆகவே பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேலே போடுங்கள் என்கிறார். சில வீடுகளில் போட்டும் விட்டார்கள்.

நாங்கள் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் சில ஆசிரியர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் வரலாறு, இன்னொருவர் ஆரம்பப் பிரிவு. எங்கள் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறோம். பெட்டியை இறக்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் அந்த வழிகாட்டிப் புத்தகத்தை மட்டும் அலுமாரிக்கு மேலேயே விட்டு விடுங்கள்.

முதலில் படிப்புக் கதை.

ஒரு கட்டையைக் கையில் எடுங்கள். மேலே இருக்கும் குமிழ் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். மெல்லிய தட்டைத் துண்டு இருக்கிறதே, அதன் உயரம் 3.2, அப்படி மூன்று சேர்ந்தால் ஒரு கட்டை. இப்போது ஐந்து கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள், 48 மில்லிமீற்றர் வரும். ஆறு குமிழ் நீளமான துண்டை நிமிர்த்திப் பக்கத்தில் வைத்தால் அதுவும் 48. நிமிர்த்தி வைத்ததும் படுக்க வைத்ததும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். பொ.ம.சி. என்று கரும்பலகையில் எழுதி, நாங்கள் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத பாடம் இது. கோபுரத்தில் ஒரு ஜன்னலைப் பக்கவாட்டில் பொருத்தப் பார்க்கும் பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் ஏறி விடுகிறது. ஏனென்றால் அவனுக்கு அந்த விடை தேவைப்படுகிறது. ஏறாவிட்டால் ஜன்னல் நிற்காது.

மேசன் பாஸ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். மேல் வரிசைப் பொருத்தும் கீழ் வரிசைப் பொருத்தும் ஒரே நேர்கோட்டில் வந்தால் சுவர் வெடிக்கும் என்பார். அவர் வேலைக்குப் போய் முதல் மாதத்தில் கற்ற பாடம் அது. பிள்ளையின் கோட்டை மதில் இரண்டாம் நாள் இரண்டாகப் பிளக்கும்போது அவனும் அதையே கற்கிறான். யாரும் அடிக்கவில்லை, யாரும் சிவப்புப் பேனையால் கீறவில்லை. சுவர் விழுந்தது, அவ்வளவுதான். மறுபடி கட்டுகிறான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்றரை வருசத்துக்கு முன்பே விளையாட்டுச் சாமான்களைக் கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் வந்து விட்டது. காலையில் ஒரு டியூஷன், பின்னேரம் ஒரு டியூஷன், இரவில் கடந்த கால வினாத்தாள். அந்த வினாத்தாளில் என்ன வருகிறது? ஒரு வடிவத்தைக் காட்டி, மறைந்திருக்கும் கனசதுரங்கள் எத்தனை என்று கேட்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை கையால் தொட்டு அறிய வேண்டியதை அலுமாரிக்கு மேலே கட்டி வைத்துவிட்டு, அதையே படமாக வரைந்து கொடுத்துப் பாடமாக்கச் சொல்லி, அதற்குக் காசும் கட்டுகிறோம். இதில் எது வீண் செலவு?

அடுத்தது காசு. இதில் அந்தச் சகோதரர் சொல்வதில் பாதி உண்மை. 2022 இல் லெகோ கம்பெனி பெரியதொரு இடைக்காலக் கோட்டையை வெளியிட்டது. 4514 துண்டுகள், வெளியானபோது அமெரிக்காவில் விலை 400 டொலர். எங்களில் யாருடைய ஒரு மாதச் சம்பளமும் அதற்குப் போதாது. வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படி ஒரு பெட்டி வந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறோம். வாப்பாவும் பெரிய மகனும் மூன்று இரவு உட்கார்ந்து, புத்தகத்தின் பக்கம் பக்கமாகப் பார்த்துப் பொருத்தி முடித்து, தூசி படாமல் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். சின்னவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறான். துண்டுகள் கழன்று விடாமல் இருக்கப் பசை போட்ட ஒரு வீடும் உண்டு. பசை! கழற்றிக் கட்டுவதற்காகவே செய்யப்பட்ட பொருளுக்கு!

எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகளை, எல்லாம் ஒரே நிறத்தில், எத்தனை விதமாக இணைக்கலாம் தெரியுமா? 91 கோடியே 51 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில். முன்னர் கம்பெனியே சுமார் 10 கோடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கோபுரங்களை மட்டும் எண்ணிய கணக்கு. டென்மார்க் நாட்டுக் கணித ஆசிரியர் சோரன் ஐலெர்ஸ் கணினியில் போட்டு எண்ணித்தான் சரியான கணக்கு வந்தது. ஆறு கட்டைக்கே இப்படி. வழிகாட்டிப் புத்தகம் 4514 துண்டுக்கு ஒரேயொரு வழியைக் காட்டுகிறது.

ஆகவே பெரிய பெட்டி தேவையில்லை. கண்டிக் கடைகளில் பெயரில்லாத கட்டைகள் பையில் விற்கிறார்கள். அது திருட்டுச் சாமான் இல்லையா என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கட்டை வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 ஆம் திகதி டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்தக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகி விட்டன. வடிவத்தையே வியாபாரக் குறியாக வைத்துக்கொள்ளலாமா என்று கம்பெனி வழக்குப் போட்டது. 2005 இல் கனடாவின் உயர்ந்த நீதிமன்றமும் 2010 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் முடியாது என்று சொல்லி விட்டன. இன்னொருவர் பொருந்தக்கூடிய கட்டை செய்து சொந்தப் பெயரில் விற்பது குற்றமில்லை. லெகோ என்று பொய்ப் பெயர் போட்டு, அவர்களின் பெட்டிப் படத்தையே களவாக அச்சடித்து விற்பதுதான் பிழை. அதை வாங்காதீர்கள்.

இனி மூன்றாவது. எங்களுக்குக் கோபம் வந்ததும் இதில்தான்.

கோட்டை என்றால் சிலுவைப் போர்க்காரர்களின் சொத்து என்று யார் சொன்னது? சிரியாவில் ஹிஸ்னுல் அக்ராத் என்றொரு கோட்டை இருக்கிறது. ஐரோப்பியர் கிராக் தே செவாலியே என்பார்கள். அட்டைப் படக் கோட்டைகளுக்கெல்லாம் வாப்பா மாதிரியான கோட்டை. அதன் பெரும் பகுதியைக் கட்டியவர்கள் சிலுவைப் போர்க்காரர்கள்தான். 1271 இல் சுல்தான் பைபர்ஸ் அதைக் கைப்பற்றினார். கைப்பற்றி இடித்தாரா? இல்லை. திருத்தினார். அவருக்குப் பின்வந்த சுல்தான் கலாவூன் 1285 இல் தெற்கு மதிலில் பெரிய சதுரக் கோபுரம் ஒன்றைச் சேர்த்துக் கட்டினார். உள்ளே இருந்த தேவாலயம் பள்ளிவாசலானது. கெய்ரோவின் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் 1176 இல் ஸலாஹுத்தீன் ஐயூபி. ஹலப் நகரக் கோட்டை அதைவிடப் பழைய மேட்டில் நிற்கிறது. இரு தரப்பாரும் ஒருவர் மதிலை ஒருவர் பார்த்துப் படித்துத்தான் அடுத்த மதிலை உயர்த்தினார்கள். பிள்ளையின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கோபுரத்துக்குச் சமயம் கேட்பவர் இந்த வரலாற்றில் ஒரு பக்கமாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்தக் கலாவூன் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1283 ஆம் ஆண்டு. அந்த ஒரே வருசத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். பிரித்தானியாவில் வேல்ஸ் கரையோரத்தில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் கொன்வி கோட்டைக்கு அத்திவாரம் வெட்டுகிறான். இன்று பெட்டிகளில் வரும் கோட்டைகளின் எட்டுக் கோபுர முகம் அதுதான். நமது நாட்டில் முதலாம் புவனேகபாகு மன்னன் யாப்பஹுவவில் இருக்கிறான். 90 மீற்றர் உயரக் கற்பாறை, அடிவாரத்தில் மதிலும் அகழியும், நெஞ்சை முட்டுகிற மாதிரிச் செங்குத்தான கற்படிகள், படியோரத்தில் கற்சிங்கங்கள். சுற்றுலா போனபோது ஏறி இறங்கி முழங்கால் நொந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது இடம் கெய்ரோ. அந்த வருசம் யாப்பஹுவ மன்னனின் தூதுக்குழு ஒன்று சுல்தான் கலாவூனின் அரசவைக்குப் போய்ச் சேர்கிறது. தங்கப் பேழைக்குள் வைத்த கடிதம். அதை வாசிக்க அங்கே ஆளில்லை. தூதுவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எங்களிடம் முத்தும் மாணிக்கமும் கப்பல்களும் யானைகளும் இருக்கின்றன, வியாபாரம் செய்வோம் என்பதே செய்தி. தூதுக்குழுவின் தலைவர் பெயர் அல்ஹாஜ் அபூ உஸ்மான்.

சிங்கள மன்னன் ஒருவன், பாறைக் கோட்டை ஒன்றிலிருந்து, முஸ்லிம் ஒருவரைத் தன் வாயாக அனுப்புகிறான். இது எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும் என்றும் கேட்கலாம். கொன்வி கோட்டையின் கோபுர எண்ணிக்கை பெட்டியைப் பார்த்துத் தெரிந்து விடுகிறது. யாப்பஹுவவின் மதில் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே எங்கள் சண்டை குரல் பதிவுக்காரரோடு மட்டும் இல்லை. பெட்டிப் பிரியர்களோடும்தான். கோட்டை என்றாலே சாம்பல் மதில், மூலைக்கொரு வட்டக் கோபுரம், தூக்குப் பாலம், கொடி என்று பிள்ளையின் தலையில் அச்சுக் குத்தி வைத்திருக்கிறோம். ஜப்பானியருக்கு அவர்களின் ஹிமேஜி கோட்டை 2023 இல் லெகோப் பெட்டியாக வந்தது. தாஜ்மஹால் 2008 இலேயே வந்து விட்டது. நமக்கு வரும் வரை காத்திருப்போமா? காத்திருக்கலாம், தெல்தெனிய நகரம் மறுபடி தண்ணீருக்கு மேலே வரும் வரைக்கும்.

ஒரு பாடசாலைக் கண்காட்சியில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். எந்தப் பாடசாலை என்பது முக்கியமில்லை. முதல் பரிசு, பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய ஐரோப்பியக் கோட்டைக்கு. அழகாகத்தான் இருந்தது. கொண்டுவந்த பையனிடம், மதில் உச்சியில் இந்தப் பகுதி ஏன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டோம். தெரியவில்லை. அந்தத் தள்ளலுக்கு அடியில் ஓட்டை விட்டு, மதிலடியில் வந்து நிற்கும் எதிரியின் தலையில் கல் போடுவார்கள். அதற்காகத்தான் அது. அவன் பொருத்தினான், யோசிக்கவில்லை. பிழை அவனுடையதல்ல. புத்தகம் யோசிக்கச் சொல்லவில்லையே.

அதே மேசையின் மூலையில் தரம் 7 பிள்ளை ஒருத்தி நான்கு நிறக் கலவைக் கட்டைகளில் ஒரு வாசல் கட்டி வைத்திருந்தாள். கோபுரமில்லை, கொடியில்லை. இரண்டு தூண், மேலே ஒரு குறுக்கு விட்டம், அந்த விட்டத்தில் தொங்கும் ஒரு கதவு. கதவு முழுக்க ஈர்க்குத் துண்டுகள் குத்தியிருந்தன. கீழேயிருந்து தள்ளினால் மேலே தூக்கிக்கொள்ளும், விட்டால் சட்டென்று விழும். நடுவர்கள் குறிப்பில் எழுதியது, முழுமையற்றது.

அந்த வாசல்தான் கண்டி இராச்சியத்தின் கோட்டை வாசல்.

ரொபர்ட் நொக்ஸ் 1660 இல் கொட்டியாரக் குடாப் பக்கம் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருசம் இந்த மலைநாட்டில் கைதியாக இருந்தவன். 1681 இல் லண்டனில் வந்த அவனுடைய நூலில் இந்த முள் வாசலை விபரமாக எழுதியிருக்கிறான். மூன்று நான்கு அங்குல முள்ளுள்ள கிளைகளை நெருக்கமாகப் பின்னி ஒரு கதவு. மூன்று மரத்தால் ஒரு நிலை, 10 அல்லது 12 அடி உயரம், யானை மேல் இருந்தபடியே உள்ளே போகலாம். கதவு மேல் விட்டத்தில் தொங்கும். வேண்டும்போது தூக்கிக் கட்டுவார்கள், வேண்டாதபோது இறக்கி விடுவார்கள். கடைக்குப் போடும் தூக்குப் பலகை மாதிரி. ஐரோப்பியன் இரும்புச் சட்டத்தை மேலிருந்து கீழே இறக்கினான், கண்டியான் முள்ளைத் தொங்க விட்டான். ஒரே கேள்விக்கு இரண்டு விடை. கொழும்பு வீதியில் கடவத்தை என்று பஸ் நடத்துனர் கத்துகிறாரே, அந்தப் பெயரே இப்படியான காவல் வாசலிலிருந்து வந்ததுதான்.

சரி, வாசல் முள். மதில் எங்கே? எழும்பி ஜன்னலைத் திறந்து பாருங்கள். தும்பறை மலைகள்தான் மதில். மகாவலிதான் அகழி. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதைகளை அகலமாக்க மன்னர்கள் விடவில்லை, ஆற்றுக்குப் பாலம் போடவும் விடவில்லை. பலனயில் உச்சியில் கட்டிய கோட்டை உண்டு, அதன் இடிபாடு இன்றும் இருக்கிறது. ஆனால் போர்த்துக்கேயரை விழுத்தியது கல் மதில் இல்லை. 1594 இல் தந்துரையிலும் 1638 இல் கன்னொருவையிலும் நடந்ததைப் பாருங்கள். உள்ளே வர விட்டார்கள். பாதையை மூடினார்கள். வெளியே போக விடவில்லை. 1803 இல் ஆங்கிலேயருக்கும் அதுவே நடந்தது.

இப்படிப்பட்ட கோட்டைக்கு உணவு எங்கேயிருந்து வந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். மலையில் நெல் விளையும், பாக்கு விளையும். உப்பு விளையாது. கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்து வைத்திருந்த காலத்தில் உப்பை நிறுத்தினாலே கண்டிக்குத் தொண்டை அடைக்கும். கரையிலிருந்து உப்பும் கருவாடும், மலையிலிருந்து பாக்கும் சுமந்து போய் வந்த மாட்டுத் தவளங்களில் பெரும் பங்கு முஸ்லிம்களுடையது. அரசனின் மடிகே என்ற போக்குவரத்துப் பகுதியில் நம் முன்னோர் பணி செய்தார்கள். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். கோபால குடும்பம் அதற்கு உதாரணம். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது இடம் கொடுத்தவன் சேனரத் மன்னன். லோர்னா தேவராஜா 1994 இல் ஆங்கிலத்தில் எழுதிய இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இவையெல்லாம் இருக்கின்றன. எழுதியவர் முஸ்லிம் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் விளையாட்டுக் கட்டைப் பேச்சில் ஏன் இழுக்கிறோம்? 2018 மார்ச் மாதம் நமது ஊரின் பெயர் உலகச் செய்திகளில் எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரிந்த கடைகளின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். நீங்கள் எங்கேயிருந்து வந்தவர்கள் என்று யாராவது கேட்டால் தலை குனிகிறார்கள். அந்தப் பிள்ளை தன் கையால் மெதமஹநுவர மலையைக் கட்டி, அதன் பாதையில் ஒரு சின்ன உப்பு மாட்டையும் நடக்க விட்டால் அவனுக்கு யாரும் பேச்சுப் போட்டி எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் சிங்களப் பிள்ளையும் சேர்ந்து கட்டினால் இன்னும் நல்லது. நாங்கள் அப்படித்தான் யோசிக்கிறோம்.

மெதமஹநுவர எங்கே என்று கேட்காதீர்கள். மஹியங்கனை பஸ்ஸில் ஏறினால் தெல்தெனியவுக்கு அடுத்து வருகிற ஊர்தான். எதிரி கண்டிக்குள் வந்தால் மன்னர்கள் ஒதுங்கிய மலைக்கோட்டை அது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815 இல் ஓடி வந்ததும் இந்தப் பக்கம்தான். பெப்ரவரி 18 ஆம் திகதி அந்த மலைப்பக்கத்திலேயே பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். பிறகு அவனைக் கொண்டுபோய் வைத்த இடம் தமிழ்நாட்டின் வேலூர்க் கோட்டை. விஜயநகரக் காலக் கருங்கல் மதில், சுற்றிவரத் தண்ணீர் நிறைந்த அகழி. திப்பு சுல்தானின் குடும்பத்தையும் முன்னர் அதே கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். 1832 இல் மன்னன் அங்கேயே இறந்தான். மதில் இல்லாத மலைக்கோட்டையில் ஆண்டவனுக்கு மதில் உள்ள கோட்டை சிறையானது. இந்த இரண்டு கோட்டைகளையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கமாகக் கட்டி வைத்தால் எந்த நடுவர் வந்து முழுமையற்றது என்று எழுதுவார் என்று பார்ப்போம்.

கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம். கணக்குப் போட்டுப் பார்த்து விட்டோம்.

மலைக்கு ஒரு அளவுத்திட்டம், வாசலுக்கு வேறு அளவுத்திட்டம். மலையை 1:5000 இல் எடுத்தால் ஒரு குமிழ் 40 மீற்றர், ஒரு தட்டைத் துண்டின் உயரம் 16 மீற்றர், ஒரு முழுக் கட்டை 48 மீற்றர். 32 குமிழ் நீள அகலமுள்ள ஒரு அடித்தட்டு 1280 மீற்றரைப் பிடிக்கும். நாலு தட்டைச் சதுரமாகச் சேர்த்தால் இரண்டரைக் கிலோமீற்றர் நீள அகலம். நில அளவைப் படத்தில் சமவுயரக் கோடு இருக்கிறதே, புவியியல் பாடத்தில் பிள்ளைகள் வெறுக்கிற அதே கோடு, அதைப் பார்த்துத் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டு போனால் மலை தானாக எழும்பும். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. ஒரு தடவை அடுக்கிய பிள்ளைக்கு அந்தப் பாடத்தை மறுபடி படிப்பிக்கத் தேவையில்லை.

வாசலுக்கு 1:40 போதும். லெகோ மனிதன் 4 சென்ரிமீற்றர் உயரம். அந்த அளவில் கொஞ்சம் கட்டையான ஆள்தான், இருந்தாலும் பரவாயில்லை. நொக்ஸ் சொன்ன 10 முதல் 12 அடி, எட்டுக் கட்டையிலிருந்து ஒன்பதரைக் கட்டை உயரத்துக்குள் வரும். மேல் விட்டத்துக்குச் சுழலும் இணைப்புத் துண்டு இரண்டு வேண்டும். முள்ளுக்கு ஈர்க்கு. அந்தப் பிள்ளை செய்தது சரி.

இன்னொரு விசயமும் செய்ய ஆசை. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், 1985 இல் திறந்தார்கள். வில்லாக வளைந்து நிற்கிறதால்தான் இவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறது. பழைய தெல்தெனிய அதற்குப் பின்னால் தூங்குகிறது. தண்ணீர் வற்றும் வருசங்களில் மட்டும் இடிபாடு தெரியும். நேர்ச் சுவர் ஒன்றும் வளைந்த சுவர் ஒன்றும் ஒரே எண்ணிக்கைக் கட்டையில் கட்டி, பின்னால் மணல் மூட்டையைச் சாய்த்து, எது முதலில் தள்ளுண்டு போகிறது என்று பார்க்க வேண்டும். சதுரக் கட்டையில் வளைவு எடுப்பது எப்படி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாங்கள் சொல்லப் போவதில்லை. உண்மையில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை முடியவில்லை.

குரல் பதிவுச் சகோதரருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பின்னேரம் வாருங்கள். வந்து பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். முழங்கால் நோவு என்றால் கதிரை தருகிறோம்.

பெற்றோருக்கு: வீட்டில் உடைந்த பெட்டி, பாதி காணாமல் போன பெட்டி, மூத்த பிள்ளை வளர்ந்து விட்டதால் சும்மா கிடக்கும் பை, எதுவாக இருந்தாலும் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். நிறம் பார்க்க வேண்டாம். கழுவிக் கொடுத்தால் சந்தோசம். ஆரம்பப் பிரிவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறோம். அதில் போடுவது யாருடைய சொத்தும் இல்லை, எல்லாருடையதும். புதிதாக எதையும் வாங்காதீர்கள். பசை போட்டதைக் கொண்டு வராதீர்கள். கார்ச் சக்கரமும் ஜன்னலும் ஏற்கனவே வாளி நிறைய இருக்கின்றன. மலைக்குத் தட்டைத் துண்டுகள்தான் போதாது, அதிலும் பச்சையும் மண்ணிறமும் மிகவும் குறைவு.